15 வாட் ட்யூப் ஆம்ப், பத்தடி அறை: சத்தத்தைக் குறைத்துப் பதிவு செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவரின் பாட்டுக்கு நான் கிட்டார் வாசித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு நிமிடப் பாட்டு. இடமும் வலமுமாக இரண்டு ரிதம் (கார்டு அடிக்கும் பகுதி), நடுவில் ஒரு லீட் (தனி மெட்டு), அவ்வளவுதான். என்னிடம் இருப்பது இரண்டு ஈஎல்84 ட்யூப் (வெற்றிடக் குழாய்) வைத்த 15 வாட் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். அதில் 12 அங்குல, 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஒன்று. அறை பத்தடிக்குப் பதினோரடி, மாடியில். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை உள்ள வீடு. கீழே வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார்.

முதல் நாள், எனக்குப் பிடித்த அளவுக்கு வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி நாலு கார்டு அடித்தேன். பத்து நிமிடத்தில் கீழ் வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார். கோபமாக வரவில்லை. "தம்பி, பாட்டு காதுல விழுறது பரவாயில்ல. தரை அதிருது, கட்டில் அதிருது. அதான் தாங்கல" என்றார். அன்று அது எனக்கு வெறும் புகாராகத்தான் கேட்டது. அடுத்த மூன்று வாரம் நான் சேகரித்த தகவல்களில் அதைவிட உபயோகமானது எதுவும் இல்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது.

சரி, சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் ட்யூப் ஆம்பை வாங்குவதே அது உரத்து ஒலிக்கும்போது வரும் அந்தக் குரலுக்காகத்தானே. குறைத்தால் அது போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். போவது என்ன, எங்கே போகிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. இந்த ஆய்வில் நான் செய்ய முயன்றது அந்தப் பிரிப்பைத்தான்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகவும் திறமையானவை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் பெரும்பாலானவை 97 முதல் 100 டெசிபல் வரை கொடுக்கும். செலஸ்டியன் விண்டேஜ் 30க்கு அந்த நிறுவனமே சொல்லும் எண் 100. என் ஸ்பீக்கருக்கு 98. 15 வாட் போனால் அதோடு கிட்டத்தட்ட 12 டெசிபல் சேரும், அதாவது 110. மூடிய சின்ன அறைக்குள் அது காதுக்கு ஆபத்தான அளவு.

இப்போது மறுபக்கம் பாருங்கள். சக்தியைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். பத்தில் ஒன்றாக்கினால் 10 டெசிபல். அதுதான் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தெரியும். ஆகவே 15 வாட்டுக்குப் பதில் 5 வாட் ஆம்ப் வாங்கி வைத்தால் வீடு அமைதியாகிவிடும் என்று நினைப்பது வீண். ஒரு வாட் ஆம்பே 98 டெசிபல். என் அறையில் நிம்மதியாக வாசிக்க வேண்டுமென்றால் சக்தி 0.1 வாட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் சின்ன ஆம்ப் தேடும் ஆசையை விட்டேன்.

மாஸ்டர் வால்யூமைக் குறைத்து வாசித்தது

என் ஆம்பில் மாஸ்டர் வால்யூம் இருக்கிறது. கெயின் ஆம்பின் முன்பகுதியை எவ்வளவு ஓட்டுவது என்பதை முடிவு செய்யும்; மாஸ்டர் அதற்குப் பின்னால் போகும் அளவை. கெயினை ஏற்றி, மாஸ்டரைச் சாதாரணப் பேச்சுக்குச் சற்று மேலான அளவுக்கு இறக்கினேன். ஸ்பீக்கர் முன் ஒரு எஸ்எம்57 மைக். 1965 முதல் சந்தையில் இருக்கும் மைக் அது. கிட்டார் கேபினட்டுக்கு முன்னால் அதை வைத்துப் பார்க்காதவர் இல்லை. அறையில் நின்று கேட்டபோது சத்தம் மெலிந்து, மேலே கரகரவென்று, அடியில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. மனம் விட்டுப்போயிற்று. இருந்தாலும் பதிவு செய்தேன்.

மறுநாள் மதியம், கீழ் வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதே பகுதியை உரத்த அளவில் இரண்டே நிமிடம் பதிவு செய்தேன். அப்புறம் இரண்டையும் கணினியில் வைத்து, சராசரி அளவு அரை டெசிபலுக்குள் சமமாகும்படி சரிசெய்து, மானிட்டர் ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் அறையில் உணர்ந்ததில் கால்வாசி கூட இல்லை. அடி ஒலி காணாமல் போகவே இல்லை. மைக் அதைப் பிடித்து வைத்திருந்தது. அதைத் தவறவிட்டது என் காதுதான்.

இதற்குக் காரணம் தெரிந்ததே. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் சொல்வது இதைத்தான்: சத்தம் குறையக் குறைய, மனிதக் காது நடு அலைவரிசைகளைவிட அடி ஒலிகளை மிக வேகமாக இழக்கும். உச்ச ஒலிகளிலும் கொஞ்சம் அப்படியே. மைக்குக்கு இந்தக் குறை கிடையாது. பதிவை நாம் பின்னால் எந்த உரப்பில் கேட்கிறோமோ அந்த உரப்புக்கான காதுதான் அதற்குத் தீர்ப்பு சொல்லும்.

இதைக் கையில் பிடித்த பிறகு என் வேலை முறையே மாறிவிட்டது. அறையில் ஆம்ப் எப்படிக் கேட்கிறது என்பதை வைத்து நாப்களைத் திருப்புவதை நிறுத்தினேன். அரை நிமிடம் பதிவு, மானிட்டரில் எப்போதும் ஒரே அளவில் கேட்பது, பிறகு ஒரு நாபை மட்டும் மாற்றுவது. மெதுவான வேலைதான். ஆனால் முன்பெல்லாம் சத்தம் குறைவு என்பதாலேயே பேஸையும் கெயினையும் ஏற்றி வைத்து, பின்பு கலவையில் சேறாகக் குழம்பியதற்கு இதுதான் காரணம் என்று தெரிந்தது. குறைந்த சத்தத்தில் காதுக்கு "சரியாக" இருக்கும் கெயின், பதிவில் எப்போதும் அதிகமாகவே இருக்கிறது. நான் 7இல் வைத்திருந்ததை 5க்குக் கொண்டுவந்தேன்.

குறைந்த சத்தத்தில் வேறொரு தொல்லை: பிக் கம்பியில் படும் 'டிக் டிக்' ஓசை. ஆம்ப் உரக்க ஒலிக்கும்போது அது அமுங்கிவிடும். இங்கே மைக் அதையும் மின்விசிறியையும் சேர்த்தே எழுதிக்கொண்டது. விசிறியை நிறுத்தி, நீளமான கேபிளோடு கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்து வாசித்ததும் தீர்ந்தது.

மீதமிருந்த அந்தக் கால்வாசி என்ன

சமமாக்கிக் கேட்டபோதும் உரத்த பதிவில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்தது. கார்டை அழுத்தி அடித்தால் முதல் அடி சற்றே அமுங்கி, பிறகு மலர்வது போல எழும்பும். மெதுவான பதிவில் அடி விழுந்ததும் அப்படியே நேராக நின்றது.

டிஸ்டார்ஷன், அதாவது ஒலி சிதைந்து வரும் அந்தக் கரகரப்பு, ட்யூப் ஆம்பில் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. 12ஏஎக்ஸ்7 ட்யூப்கள் இருக்கும் ப்ரீஆம்பில் (முன்பகுதி) கொஞ்சம், சிக்னலை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வர்ட்டரில் கொஞ்சம், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப்களில் கொஞ்சம். பெரிய சக்தி இழுக்கப்படும்போது மின்வழங்கியின் வோல்டேஜ் ஒரு கணம் தொய்வதும் சேரும். கடைசியில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பே வளைந்து கொடுக்கும். மாஸ்டரைக் குறைத்தால் ப்ரீஆம்ப் மட்டும்தான் வேலை செய்கிறது. பின்னால் உள்ளவர்கள் எல்லோரும் ஓய்வில் இருக்கிறார்கள். அவர்களை எழுப்ப வேண்டுமென்றால் ஆம்பை முழுதாக ஓட்டி, அது கக்கும் சக்தியை ஸ்பீக்கருக்குப் போகும் முன் எங்காவது கரைக்க வேண்டும்.

ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டும் அட்டென்யுவேட்டர் அதைத்தான் செய்கிறது. என்னிடம் இருந்தது எளிய வகை, உள்ளே வெறும் மின்தடைகள். 8 டெசிபல் குறைத்தபோது அருமையாக இருந்தது. அந்த மலர்ச்சி திரும்ப வந்தது. 20 டெசிபல் குறைத்ததும் ஆம்ப் மேல் யாரோ ஈரத்துணி போர்த்தியது போல ஆனது. முதலில் இதுவும் காதின் வேலை என்றே நினைத்தேன். சமமாக்கிக் கேட்டேன். இல்லை, இது உண்மையாகவே பதிவில் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது அவசியம்.

ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும். அது ஒரு பெயரளவு எண். சில நூறு ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அதன் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அந்த எண்ணுக்கு அருகில் இருக்கும். கூம்பு இயல்பாக அதிரும் இடத்தில், 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரில் ஏறக்குறைய 75 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள், அது பல மடங்கு உயர்ந்து ஒரு சிகரம் போடும். மேலே போகப் போக சுருளின் தூண்டல் காரணமாக மறுபடி ஏறிக்கொண்டே போகும். ஈஎல்84 போன்ற பென்டோட் ட்யூப்களுக்கு உள்மின்தடை அதிகம். என் ஆம்பில் எதிர்மறைப் பின்னூட்டமும் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பித் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு) கிடையாது. இப்படிப்பட்ட ஆம்ப், இம்பீடன்ஸ் எங்கே உயர்கிறதோ அங்கே வோல்டேஜையும் உயர்த்தும். ஆகவே அடியில் ஒரு திரட்சியும் மேலே ஒரு பளபளப்பும் தானாகவே வரும். நாம் "ஆம்பின் டோன்" என்று சொல்வதில் ஒரு நல்ல பங்கு, ஆம்பும் ஸ்பீக்கரும் இப்படிக் கைகோத்துக்கொள்வதில் பிறப்பது.

நடுவே மின்தடையை வைத்தால் அந்தக் கை விடுபடுகிறது. எல்லா அலைவரிசையிலும் ஒரே 8 ஓம்ஸ் பார்க்கும் ஆம்ப், தட்டையாகவே ஓட்டும். 8 டெசிபல் குறைப்பில் ஸ்பீக்கர் இன்னும் ஓரளவு ஆம்பின் கண்ணுக்குத் தெரிகிறது. 20இல் மறைந்தே போகிறது. ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரியாக்டிவ் லோடு எனப்படும் கருவிகள் விலை கூடுதலாக இருப்பதன் காரணம் இது. உள்ளே மின்தடையோடு சுருளும் மின்தேக்கியும் வைத்து, அந்த அடிச் சிகரத்தையும் மேல் ஏற்றத்தையும் போலியாக உண்டாக்குகிறார்கள். ஆம்ப் அதை ஸ்பீக்கர் என்றே நம்பி ஓட்டும்.

நண்பரின் நண்பரிடமிருந்து அப்படி ஒன்றை ஒரு வாரம் இரவல் வாங்கினேன். 20 டெசிபல் குறைப்பிலும் ஈரத்துணி விலகிவிட்டது.

எச்சரிக்கையாகச் சில விஷயங்கள். ட்யூப் ஆம்பை ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் ஒரு நொடிகூட வாசிக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் கிளம்பும் வோல்டேஜ் அதன் காப்பையோ ட்யூப் சாக்கெட்டையோ எரித்துவிடலாம். கேபிளை மாற்றுமுன் ஆம்பை அணைத்துவிட வேண்டும். ஆம்புக்கும் லோடுக்கும் நடுவே ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மிக மெல்லியது. ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை நேராக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) செருகினால் இன்டர்ஃபேஸ் போய்விடும். 15 வாட் ஆம்ப் முழு டிஸ்டார்ஷனில் அதன் இரு மடங்கு அருகில்கூட கொடுக்கும், ஆகவே லோடு குறைந்தது 30 வாட் தாங்க வேண்டும். ஆம்பைத் திறந்து உள்ளே கைவைப்பது இந்த ஆய்வில் இல்லவே இல்லை. 300 வோல்ட்டுக்கு மேல் உள்ள இடம் அது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தரை

இப்போது கீழ் வீட்டு அம்மா சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். நடுவில் ஒரு நாள் அலமாரிக்குள் ஸ்பீக்கரை வைத்து, சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆம்பை மட்டும் வெளியே வைத்தேன். சூடாகும் ட்யூப்களைத் துணியால் மூடுவது தீயோடு விளையாடுவது. அறையில் பளபளப்பு செத்தது, பதிவில் பெட்டிக்குள் பேசுவது போல ஒரு கம்மல் வந்தது, கீழே அதிர்வு துளியும் குறையவில்லை. போர்வை உச்ச ஒலிகளை உறிஞ்சும். கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். அதன் அலை நான்கு மீட்டருக்கு மேல் நீளம். போர்வை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அவர் சொன்னது தரை. காம்போ நேராகத் தரையில் நின்றது. பெட்டி நடுங்கினால் தரையும் நடுங்கும். கனமான பலகை ஒன்றின் கீழே அடர்த்தியான நுரைத் துண்டுகளை மூலைக்கு ஒன்றாக வைத்து, அதன் மேல் ஆம்பை ஏற்றினேன். நண்பரைக் கீழே அம்மாவோடு உட்காரச் சொல்லிவிட்டு, ஒரே வால்யூமில் ஒரே பகுதியைத் தரையில் ஒரு தடவை, பலகையில் ஒரு தடவை, மறுபடி தரையில் ஒரு தடவை வாசித்தேன். எதை எப்போது வைத்தேன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை அம்மா நண்பரிடம், "இப்ப வேற ரூமுக்கு மாத்திட்டாரா?" என்று கேட்டாராம்.

இந்தப் பலகைக்கு ஆன செலவு ஒன்றும் இல்லை. செய்த எல்லாவற்றிலும் அக்கம்பக்கத்துக்கு அதிகம் உதவியது இதுதான். முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆம்புக்கு முன்னால் ஒரு ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் கொஞ்சம் உதவியது. கலவையில் அந்தப் பகுதியைப் பேஸ் கிட்டாருக்கு விட்டுவிடத்தான் போகிறோம். அதை ஏன் தரை வழியாக ஒருவருக்கு அனுப்ப வேண்டும்?

ஸ்பீக்கரே இல்லாமல் ரிதம்

ரிதம் பகுதிகளை இரவில்தான் வாசிக்க முடிந்தது. அதற்கு ரியாக்டிவ் லோடின் லைன் அவுட்டை நேராக இன்டர்ஃபேஸில் எடுத்தேன். அறையில் சத்தமே இல்லை. ஆனால் அந்த சிக்னலை அப்படியே கேட்டால் டப்பாவுக்குள் அடைத்த தேனீக் கூட்டம். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும்; டிஸ்டார்ஷனின் கூர்மையை அதுதான் மழுக்குகிறது. அது இல்லாத குறையை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர், தீர்க்கிறது. ஸ்பீக்கர், கேபினட், மைக், மைக் இருந்த இடம் எல்லாம் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் அச்சு அது.

இங்கே ஒரு மாலை முழுவதும் வீணானது. யார் யாரோ எடுத்த ஐஆர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். நாற்பதாவதற்குப் பிறகு எது நல்லது என்றே தெரியவில்லை. அப்போதுதான் யோசனை வந்தது: என் ஸ்பீக்கரின் குரல்தானே எனக்கு வேண்டும்? மறுநாள் பகலில் சாதாரண டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் ஒன்றின் வழியாக, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் பத்து நொடி ஸ்வீப் ஒலியை என் ஸ்பீக்கருக்குள் அனுப்பி, மைக்கில் பதிவு செய்து, மென்பொருளில் ஐஆராக மாற்றினேன். மிதமான சத்தமே போதும். மைக்கை ஐந்து இடத்தில் வைத்து ஐந்து எடுத்தேன்.

மைக் வைக்கும் இடம்தான் இதில் உயிர். ஸ்பீக்கரின் நடுவே உள்ள சின்ன மூடி முடிந்து கூம்பு தொடங்கும் விளிம்பு எங்கே என்று துணித்திரை வழியாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஹெட்ஃபோனை மாட்டி, ஆம்பை வாசிக்காமல் அதன் 'உஸ்ஸ்' இரைச்சலை மட்டும் கேட்டபடி மைக்கை நகர்த்தினேன். மூடியின் நடுவில் இரைச்சல் ஊசி மாதிரி. கூம்பின் வெளிப்பக்கம் போனால் மந்தம். இரண்டுக்கும் நடுவே, விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே, இரைச்சல் மழை போல ஒரே சீராகக் கேட்கும் இடம் ஒன்று வந்தது. அங்கே துணியில் ஒரு துண்டு நாடா ஒட்டினேன். ஐந்து ஐஆரில் நான் கடைசியில் பயன்படுத்தியது அந்த இடத்தில் எடுத்ததுதான்.

ஹெட்ஃபோனில் வாசிக்கும்போது தாமதம் உறுத்துமோ என்று பயந்தேன். 48 கிலோஹெர்ட்ஸில், கணினி ஒரு தடவைக்கு 128 மாதிரிகளைச் சேர்த்துக் கையாளும் பஃபர் என்றால் ஒரு பக்கம் 2.7 மில்லிசெகண்ட். போய் வந்து மற்றதும் சேர்ந்து 6, 7 ஆகும். ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதும் அதே அளவுதான். உறுத்தவில்லை.

கூடவே கிட்டாரின் நேரடி சிக்னலையும் ஒரு தனி டிராக்கில் சேமித்து வைத்தேன். பின்னால் ஆம்ப் அமைப்பு பிடிக்காவிட்டால் ரீஆம்ப் பெட்டி வழியாக அதையே மறுபடி ஆம்புக்குள் அனுப்பலாம்; விரல் மறுபடி வலிக்க வேண்டியதில்லை. ஒரு ரிதமுக்கு அப்படித்தான் செய்தேன்.

லீட்

லீட் மட்டும் இந்த முறைக்குப் பணியவில்லை. நீளமாக நிற்க வேண்டிய ஸ்வரங்கள் அதில் நிறைய. உண்மையான ஸ்பீக்கர் முன் நின்றால் அறையின் காற்று கம்பியைத் தொட்டு ஸ்வரத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஹெட்ஃபோனில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஸ்வரம் தன்பாட்டில் தேய்ந்து போகிறது. ஐஆர் ஒரு நேரியல் அச்சு என்பதால், கூம்பு வளைந்து கொடுப்பதும் அதில் இல்லை. இரண்டு இரவு முயன்றுவிட்டு விட்டுவிட்டேன்.

கீழ் வீட்டு அம்மாவிடமும் குழந்தை வீட்டு அக்காவிடமும் போய், பகலில் எந்த இருபது நிமிடம் சரிப்படும் என்று கேட்டேன். பதினொன்றரைக்குக் குழந்தை வெளியே போகும் என்றார் அக்கா. ஆம்ப் பலகை மேல், ரியாக்டிவ் லோடின் ஸ்பீக்கர் அவுட்டில் 14 டெசிபல் குறைப்பு. கணக்குப்படி ஒரு மீட்டரில் 96 டெசிபல். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 94க்கு ஒரு மணி நேரம், 97க்கு அரை மணி நேரம். இருபது நிமிடம் அதற்குள் அடங்கும், ஆனாலும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டேன். முந்தைய நாளே எல்லாம் வாசித்துப் பழகி, அமைப்புகளை எழுதி வைத்திருந்தேன். மூன்று டேக். இரண்டாவதில் கடைசி ஸ்வரம் நான் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு ஆக்டேவ் மேலே தாவி, அங்கேயே பாடிக்கொண்டு நின்றது. அதையே வைத்துக்கொண்டோம்.

கலவை முடிந்ததும் நண்பரிடம் ஒரு சோதனை வைத்தேன். ஒரே ரிதம் பகுதி, மூன்று பதிவு: அன்று மதியம் உரத்து எடுத்தது, மாஸ்டர் குறைத்து மைக்கில் எடுத்தது, லோடும் என் ஐஆரும். மூன்றையும் சம அளவில் வைத்து, பெயர் சொல்லாமல் கேட்க வைத்தேன். பாட்டோடு சேர்த்துக் கேட்டபோது லோடையும் உரத்த பதிவையும் அவரால் பிரிக்க முடியவில்லை. மாஸ்டர் குறைத்ததை உடனே கண்டுபிடித்தார், "இது கொஞ்சம் விறைப்பா இருக்கு" என்று சொல்லி. தனியாக, பாட்டு இல்லாமல் கேட்டபோது எனக்கு மூன்றும் மூன்றாகவே தெரிந்தன.

இரவல் லோடைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பாட்டுக்கு என் பழைய அட்டென்யுவேட்டரில் 8 டெசிபலுக்கு மேல் போகாமல், மீதியை 93, 94 டெசிபல் திறன் உள்ள வேறொரு ஸ்பீக்கரை மாட்டிக் குறைத்துப் பார்க்கப் போகிறேன். 4, 5 டெசிபல் அங்கேயே கிடைக்கும். ஆம்பின் பின்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: கெயின் 5, பேஸ் 4, லீடுக்கு மைனஸ் 14, மைக் நாடா ஒட்டிய இடத்தில், பலகை அடியில், பதினொன்றரை மணி.